அனுஷம், வயது முப்பத்தொன்று

“ஃபேனை ஒண்ணுல வைக்கட்டுமா ஐயா? மூணுல ஓடினா இங்கன ஒரு காகிதம் நிக்காது.”

“ஃபேன் கெடக்கட்டும் பிள்ளே. கேட்டதுக்குப் பதில் சொல்லு. இது எம் பையன் ஜாதகமா, இல்லையா?”

“பாக்கேன் ஐயா. மொதல்ல தண்ணி குடிங்க. எங்க மாடிப்படி செங்குத்தா இருக்கும்.”

“தண்ணியும் கெடக்கட்டும். இப்ப மணி மூணே கால். அஞ்சு மணிக்குள்ள சரியான ஜாதகம் உங்க முத்திரையோட கல்லிடைக்குறிச்சிப் பொண்ணு வீட்டுக்குப் போவணும். நாளைக்கு அஷ்டமி, நாளான்னைக்கு நவமி. அதுக்குப் பெறவு அவிய வேற இடம் பாத்துருவாவ. பையனுக்கு முப்பத்திநாலு ஆச்சு. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே ஜாதகத்தையே எடுக்காதீங்கன்னுட்டான்.”

நான் மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அது ஒன்றில் ஓடும்போது சத்தம் அதிகம், காற்று குறைவு. ஆனால் பேசுவதற்கு அதுதான் வசதி.

எதிரே இருந்தவர் சிவசைலம். அம்பாசமுத்திரத்துக்காரர். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். அவரை அன்றுதான் நேரில் பார்த்தேன் என்றாலும் குரல் நன்றாகப் பழக்கம். மூன்று வருடமாக ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்தான் அவரைப் போனில் கூப்பிட்டு, “பெண் வீட்ல பொருத்தம் இல்லைன்னுட்டாவ ஐயா” என்று சொல்லி வருகிறேன். அவர், “சரி பிள்ளே, வேற இருந்தா பாரு” என்பார். ஒருமுறைகூட எரிந்து விழுந்ததில்லை. இப்படி ஒரு குரல் தினமும் வீட்டுக்குள் கேட்டால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்ததுண்டு.

என் பெயர் சித்ரலேகா. திருநெல்வேலி டவுனில், வாகையடி முக்குப் பக்கம் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் சொர்ணாம்பாள் திருமணத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் வேலை எனக்கு. சொர்ணாம்பாள் அத்தை அன்று ஊரில் இல்லை. நாங்கள் சேர்த்துவைத்த ஒரு கல்யாணத்துக்காக உடன்குடி போயிருந்தார்கள். அத்தை எல்லாக் கல்யாணத்துக்கும் போவார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் அங்கேயே அடுத்த இரண்டு வரன்களைப் பிடித்துவிடுவார்கள்.

அன்று அவரிடம் நான் சொன்னதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவசியமும் இல்லை. நான் செய்ததில் பெரும்பகுதி நல்ல எண்ணத்தோடு செய்தது.

மேஜையில் அவர் இரண்டு ஜாதகங்களை வைத்திருந்தார். ஒன்று அவர் மகன் கணேஷ்ராம் பிறந்தபோது ஜோசியர் எழுதிக்கொடுத்த பழைய நோட்டு. மற்றது எங்கள் மையத்தின் முத்திரையோடு ஒரு பெண் வீட்டுக்குப் போன ஜாதகம். கணேஷ்ராமின் பதிவு எண் அதில் இருந்தது. அனுஷ நட்சத்திரம் என்பது இரண்டிலும் ஒன்றுதான். கட்டங்கள்தான் வேறு வேறு.

“இது எப்படி ஐயா உங்க கைக்கு வந்துச்சு?” என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருந்தது.

“நேத்து பஸ் ஸ்டாண்டுல பிச்சைக்கண்ணைப் பாத்தேன். போன வருசம் அவரு மகளுக்குத்தான் பாத்தோம். ‘ஏன் வே, எங்க வீடு ஒமக்குப் பிடிக்கலையா’ன்னு சும்மா பேச்சுக்குக் கேட்டேன். மனுசன் அங்கனயும் இங்கனயும் பாத்துட்டு என் காதுகிட்ட வந்து, ‘வீடு தங்கம் வே. ஆனா ரெண்டு பொண்டாட்டி ஜாதகத்துக்கு எப்படி வே பிள்ளையக் குடுப்பேன்’னு கேக்காரு. ஜாதகத்தையும் பத்திரமா வச்சிருந்தாரு. வாங்கிட்டு வந்துட்டேன்.”

“கோவப்படாம இருந்தீங்களே ஐயா.”

“கோவமா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எம் பையன் ஒரு பொண்ணுகிட்ட மணி என்னன்னு கேக்கவே ரெண்டு நாள் யோசிப்பான். அவனுக்கு ரெண்டு தாரமா?”

எங்கள் பக்கத்தில் ஜாதகம் சேரவில்லை என்றால் யாரும் காரணம் சொல்வதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஜாதகக் குறையை வாயால் சொல்வது மரியாதை இல்லை. அதைவிட, நாளைக்கு நம் வீட்டு ஜாதகத்தைப் பற்றி அவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையும் உண்டு. ‘பொருத்தம் இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். நான் செய்தது மூன்று வருடம் வெளியே வராமல் இருந்ததற்கு இந்த மரியாதைதான் காரணம். பிச்சைக்கண்ணு மட்டும் அன்று கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டுவிட்டார்.

எல்லாம் டிஸ்க் ரிப்பேரில்தான் தொடங்கியது என்று சிவசைலம் ஐயாவிடம் சொன்னேன். அது உண்மை. தொடங்கியது அதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதத்தில், எங்கள் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஒரு போட்டோவைத் திறந்தால் அது நெற்றியிலிருந்து மோவாய்க்கு வர ஐந்து நிமிடம் ஆகும். பேட்டையிலிருந்து மணிராஜ் வந்தான். பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவன். மிக்ஸி, தையல் மெஷின், கம்ப்யூட்டர் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டான். அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மிக வேகமாக ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லாததால் வந்த வேகம் அது.

“என்னலே பண்ணினே?” என்று அத்தை கேட்டார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணல அத்தை. டிஸ்க்குல கோளாறு இருக்கு, சரி பண்ணவான்னு அதுவா கேட்டுச்சு. நல்ல மனசோட ஒருத்தர் கேக்கும்போது வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஆமான்னு அமுக்கினேன்.”

ஒருசில தவிர கோப்புகள் அழிந்துவிடவில்லை. ரிப்பேர் செய்த நிரல் அவற்றையெல்லாம் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒரே பையில் கொட்டி, எல்லாவற்றின் பெயரையும் எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் இஷ்டத்துக்கு எண் போட்டிருந்தது. மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம். எது போட்டோ, எது ஜாதகம், எது விவரத் தாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அது பொறுமை இருந்தால் முடிகிற வேலை. என்னிடம் பொறுமை உண்டு. எண்ணூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல்களைப் பொறுமை இல்லாமல் படிக்க முடியாது. அந்த நாவல்களில் முதல் நூறு பக்கத்துக்கு யார் யாருக்கு மாமா என்றே புரியாது. அதற்காக யாரும் புத்தகத்தை மூடிவிடுவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் மையத்தில் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன், தலைப்புப் பகுதியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடுவோம். பெயர், பெற்றோர் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அதில் மறைந்துவிடும். அத்தை ஆரம்ப நாளிலிருந்து கடைப்பிடிக்கும் முறை. ஊரும் பேரும் தெரிந்தால் இரு வீட்டாரும் எங்களை விட்டுவிட்டு நேரே பேசிக்கொள்வார்கள். அதனால் எந்த ஜாதகம் யாருடையது என்பது கோப்பின் பெயரில் இருக்கும் பதிவு எண்ணில் மட்டும்தான் தெரியும். கோப்பின் பெயரைத்தான் மணிராஜின் நல்ல மனசுக்காரர் எடுத்துவிட்டாரே.

ஆக, அறுநூறு பேர் இருந்தார்கள், அறுநூறு விதி இருந்தது. எது யாருக்கு என்பது மட்டும் இல்லை.

அத்தை கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்கள். “ஏட்டி, வெளிய ஒரு சொல்லு போவக்கூடாது. ஜாதகம் கலந்துபோச்சுன்னு தெரிஞ்சா நாம கடைய மூடிட்டு நேரா பாபநாசத்துக்குத் தலை முழுகப் போவ வேண்டியதுதான். யாரு வீட்டுக்கும் போனைப் போட்டுத் திரும்பக் கேக்காதே. நீயே பைய, அவசரப்படாம உக்காந்து சரி பண்ணு.”

“வேற பிரதி எதாவது இருக்கா அத்தை?”

அத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார்கள். பழையது. பாதிப் பேர் அதில் இருந்தார்கள், பெயரோடு. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் ஒன்று இருக்கிறது. ஒரு புள்ளி பிசகினாலும் சொல்லிவிடும். அதை வைத்து முன்னூறு பேரை நான்கு நாளில் அவரவர் ஜாதகத்தோடு சேர்த்துவிட்டேன். அதில் ஒரு தவறும் கிடையாது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

மீதிப் பேருக்கு விவரத் தாளில் வயதும் நட்சத்திரமும் இருந்தன. ஜாதகத்தில் சனியும் குருவும் இருக்கும் இடத்தைப் பார்த்தால் பிறந்த வருடம் தெரிந்துவிடும். இதை நான் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனால் சனி சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு இருப்பார். மணிராஜைவிட நம்பலாம். வயதையும் நட்சத்திரத்தையும் வைத்துப் பெரும்பாலானவர்களைச் சேர்த்தாயிற்று. இருபத்திரண்டு இடங்களில் மட்டும் ஒரே வயது, ஒரே நட்சத்திரத்தில் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். அந்த இருபத்திரண்டு ஜோடிகளில் எது யாருடையது என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

“எம் பையன் அந்த இருபத்திரெண்டுல ஒண்ணா?” என்றார் சிவசைலம் ஐயா. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மெஷின் செய்த தவறு என்றால் மனிதர்களுக்கு ஒரு நிம்மதி.

“ஆமா ஐயா. அனுஷம், வயசு முப்பத்தொண்ணு. ரெண்டு பேரு இருந்தாவ. உங்க பையன் ஒண்ணு, பூதலிங்கம்னு ஒருத்தரு ஒண்ணு.”

“அப்ப என்ன செஞ்சே?”

முதல் மூன்று ஜோடிகளுக்குக் காசு சுண்டினேன் என்று சொன்னேன். தலை விழுந்தால் மேலே இருப்பது, பூ விழுந்தால் கீழே இருப்பது. நியாயமான முறைதான். ஆனால் மூன்றாவது தடவை காசு விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு மனது கேட்கவில்லை. களக்காட்டுப் பக்கம் ஒருவர், எதிர்பார்ப்பு என்ற இடத்தில் ‘பெண் மிகச் சிவப்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதி, ‘மிக’வுக்கு அடியில் கோடும் போட்டிருந்தார். அவருக்குக் காசு குருபலம் உள்ள நல்ல ஜாதகத்தைக் கொடுத்தது. அவரோடு ஜோடியாக இருந்தவர் வீரவநல்லூரில் ஒரு தபால்காரர். ‘பெண் சிரித்த முகமாக இருந்தால் போதும்’ என்று எழுதியிருந்தார். அவருக்கு எட்டில் சனி. காசுக்கு ரசனை கிடையாது.

நான் இரண்டையும் மாற்றி வைத்தேன். அது ஒரு சின்ன விஷயம். இரண்டில் எது சரி என்று எனக்கு எப்படியும் தெரியாது. காசு சொன்னதற்குப் பதில் நான் சொன்னேன், அவ்வளவுதான். மீதி ஜோடிகளை மத்தியான வேளைகளில், பாத்திரக்கடைச் சத்தம் அடங்கிய பிறகு, விவரத் தாள்களை நிதானமாகப் படித்து முடிவு செய்தேன். எங்கோ பனி விழும் ஊர்களில் நாவல் எழுதியவர்கள் யாரை ரயிலில் ஏற்றுவது, யாரைக் கடைசிவரை ஸ்டேஷனில் நிறுத்துவது என்று இப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். அவர்களை யாரும் குற்றம் சொன்னதில்லை. தபால்காரருக்கு மறு தை மாதமே கல்யாணம். களக்காட்டுக்காரர் இன்னும் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

“அது ஒன் திமிரு, அதை நான் கேக்கல,” என்றார் ஐயா. “எம் பையனுக்கும் காசு சுண்டினியா?”

“இல்லை ஐயா.”

“பெறவு? அவன் என்ன எழுதியிருந்தான்? ரெண்டு பொண்டாட்டி வேணும்னா?”

“ஒண்ணும் தப்பா எழுதல ஐயா. எதிர்பார்ப்புங்கிற எடத்துல எதுவுமே எழுதல. பொழுதுபோக்குங்கிற எடத்துல மட்டும் ‘மொழிபெயர்ப்பு நாவல்கள்’னு எழுதியிருந்தாவ. அறுநூறு தாள்ல அது ஒண்ணுதான் அப்படி.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பழுதாவதற்கு மூன்று மாதம் முன்பு, வைகாசியில், கணேஷ்ராம் நேரில் வந்து ஜாதக நகலைக் கொடுத்தார். அதை ஒரு தடித்த புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தார். ஜாதகத்தின் மூலையில் டீ டம்ளர் வைத்த வட்டம் ஒன்று இருந்தது. என் மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்ததால் அதற்குள் இருந்த அதே புத்தகத்தை அவர் பார்த்துவிட்டார். ஏதோ சொல்ல வந்தார், காது சிவந்தது, கடைசியில், “கடைசி அம்பது பக்கத்தைப் பைய படிங்க” என்றார். போய்விட்டார். எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதும் அவ்வளவுதான். அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகுதான் பதில் சொல்லவில்லையே என்று தோன்றியது.

“இதெல்லாம் எனக்கு எதுக்கு பிள்ளே? அவன் ஒங்கிட்ட எதுவும் தப்பா—”

“ஐயோ இல்லை ஐயா. டீ வட்டத்துக்காகச் சொல்லுதேன். ஸ்கேன் பண்ணினதிலயும் அது விழுந்திருந்துச்சு.”

மதகுகளைப் பார்த்தவர் அல்லவா. தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“அப்ப ரெண்டுல எது எம் பையனுதுன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும் ஐயா.”

“தெரிஞ்சுதான் மாத்தினே.”

“தெரிஞ்சுதான்.”

வட்டம் விழுந்த ஜாதகம் சுத்தமான ஜாதகம். ஏழாம் இடத்தில் ஒரு தூசி கிடையாது. அதை எவன் பார்த்தாலும் அடுத்த முகூர்த்தத்துக்கே நாள் குறித்துவிடுவான். மற்றது பூதலிங்கத்துடையது. அதை நான் மேலப்பாளையத்தில் அசன் மைதீன் கடைக்குக் காகிதம் வாங்கப் போன வழியில் ஒரு ஜோசியரிடம் பொதுவாகக் காட்டிக் கேட்டேன். “ரெண்டு தாரம், அதுவும் ஒரே நேரத்துல” என்றார். நான் மையத்துக்குத் திரும்பி வந்து பூதலிங்கத்தின் கோப்பை அவர் பெயரில் சேமிக்கப் போனேன். விரல் அங்கேயே நின்றது. நானும் அந்த ரிப்பேர் நிரலைப் போலத்தான். இதைச் சரி செய்யவா என்று எனக்குள் ஏதோ கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.

பூதலிங்கத்துக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் அத்தைக்குத் தெரிந்த ஜெபராணி டீச்சர் வீட்டுக்கு எதிர்வீடு. நல்ல பெண். இப்போது பூதலிங்கம் மாற்றல் கேட்டுக் கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறார். தனியாகத்தான் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பதில்லை என்று அந்தப் பெண் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் நான் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

“இருபத்தாறு வீடு,” என்றார் ஐயா மெதுவாக. “நட்சத்திரம் சேருது, பத்துக்கு எட்டு சேருதுன்னு நீயே போன்ல சொல்லுவே. வீட்ல எல்லாரும் புதுச் சட்டை எடுத்துருவோம். பெறவு நீயே இல்லைம்பே. நவகைலாயம் ஒம்பது கோயிலும் மூணு சுத்து சுத்தியாச்சு. நான் கூட்டிட்டுப் போன எடத்துக்கெல்லாம் அவன் பேசாம வந்தான்.”

“தெரியும் ஐயா. ரெண்டாவது சுத்துல சேரன்மகாதேவியில மழை பிடிச்சுக்கிட்டுன்னு சொன்னீங்க. அவியளுக்கு மூணு நாள் காய்ச்சல். நான் மறுநாளும் போன் பண்ணிக் கேட்டேனே.”

“கேட்டே. எவ்வளவு நல்ல பிள்ளைன்னு நெனைச்சேன்.”

அதற்கு நான் நன்றி சொன்னேன்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் கத்தவில்லை என்பதால் மற்றதையும் சொல்லிவிடுவது முறை என்று தோன்றியது. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன். கண்டக்டர் ஒருமுறை, “எக்கா, சும்மாவா வந்து வந்து போறிய?” என்றார். பஸ்ஸில் படிக்க நன்றாக இருக்கும் என்று சொன்னேன். கணேஷ்ராம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார், மாலையில் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பார் என்பதெல்லாம் ஐயா போனில் சொன்னவைதான். நான் தோண்டிக் கேட்டதில்லை. நான் கேட்காமல் விடும் இடைவெளியை ஐயாவே நிரப்புவார்.

“இவ்வளவும் எதுக்குச் செஞ்சே பிள்ளே?”

உண்மையில் நான் கணேஷ்ராமுக்கு எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. புத்தகம் படிக்கிற ஒருவரை, அடுப்பு மேடையில் அதைக் கவிழ்த்து வைத்துப் பால் சட்டி இறக்குகிற வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. வருகிற பெண்களின் தாள்களையெல்லாம் நான் படித்துத்தான் பார்த்தேன். பொழுதுபோக்கு: கோலம், டிவி, கோயிலுக்குச் செல்லுதல். இருபத்தாறு பேரும் அப்படித்தான். கல்லிடைக்குறிச்சிப் பெண் ராஜராஜேஸ்வரி மட்டும் வேறு. கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். பொழுதுபோக்கு: வாசித்தல். என்ன வாசித்தல் என்று எழுதவில்லை. பாடப்புத்தகமாகவும் இருக்கலாம்.

இதை நான் அப்படியே சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சரி. போனது போச்சு. நான் போலீசுக்கும் போவல, சொர்ணாம்பாள்ட்டயும் சொல்லல. எம் பையனோட சரியான ஜாதகத்தை எடுத்து முத்திரை போட்டு அனுப்பு. மணி நாலரை ஆச்சு. எனக்கு அது போதும்.”

பெருந்தன்மையான மனிதர் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். கோப்பை நான் அழிக்கவில்லை. பூதலிங்கத்தின் பெயரில் பத்திரமாகத்தான் இருந்தது. திறந்து, பெயரை மாற்றி, அச்செடுத்து, மையத்தின் முத்திரையைக் குத்தி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு கட்டம் பிசகவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் வீட்டுக்கு வந்தது போல அந்தக் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதை இப்பவே போன்ல படம் எடுத்து அவியளுக்கு அனுப்பிரு.”

“அதுக்கு முன்னால இதையும் பாத்துருங்க ஐயா,” என்று இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் முத்திரை இருந்தது. “இதுவும் உங்க பையன் ஜாதகமும் பத்துக்கு ஒம்பது. கட்டத்துலயும் ஒரு குறை இல்லை. நான் நாலு ஜோசியர்ட்ட காட்டிட்டேன்.”

“இது யாரு?”

“என்னோடது.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை என்று முன்பே சொன்னேன், அதனால் இதையும் மறைக்கவில்லை. என் வீட்டில் எழுதிவைத்த ஜாதகம் வேறு. அதில் நட்சத்திரம் மூலம். மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஐயாவுக்கு எழுபது நெருங்குகிறது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், அவர் உடம்பை வைத்து விளையாட எனக்கு மனமில்லை. டிஸ்க் ரிப்பேரில் விவரத் தாள் முழுவதும் சிதைந்து, ஆள் யாரென்றே தெரியாமல் ஒன்பது ஜாதகங்கள் மிஞ்சிப்போயிருந்தன. என் வயதுக்குச் சரியாக ஒன்று அதில் இருந்தது. யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. மூன்று வருடமாக அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் பதிவு எண்ணில் அது மிகவும் பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. முதலில் எழுதியதுதான் என்னுடையது என்று யாரால் சொல்ல முடியும்? எழுதிய ஜோசியரின் கடிகாரம் அன்று சரியாக ஓடியதா என்று யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?

“அந்தப் பொண்ணு யாரு, எங்கன இருக்கா?” என்றார் ஐயா, தாளைத் தொடாமல்.

“தெரியாது ஐயா. பேரை ஒட்டி மறைச்சிட்டோமே.”

மின்விசிறி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ ஒரு பித்தளைத் தவலையைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். நான் அவசரப்படுத்தவில்லை. நான்கு ஐம்பத்தைந்துக்கு மேஜையில் இருந்த மையத்துப் போன் அடித்தது. கல்லிடைக்குறிச்சி எண். நேரம் தவறாத குடும்பம். எடுத்துக் காதில் வைக்காமல் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அவியதான் ஐயா. பொருத்தம் இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். என் குரல் அவியளுக்குத் தெரியும், நான் சொன்னா நல்லா இருக்காது.”